உச்சிக்குக் கொஞ்சம் கீழே

எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிற யார் என்ன புதிதாக வாங்கினாலும் முதலில் அக்காவிடம்தான் காட்டுவார்கள். பாராட்டு கிடைக்கும் என்பதற்காக அல்ல. காட்டாமல் விட்டால் அவராகவே கேட்டுவிடுவார் என்ற பயம். கேள்வி எல்லோருக்கும் ஒன்றேதான்.

"ரெண்டு பக்கமும் எறங்கிப் பாத்தியா?"

நான் பக்கத்து ஊரான பேரிகையில் ஒரு பழைய பைக் வாங்கிய வாரம் என்னிடமும் கேட்டார். எனக்குப் புரியவில்லை.

"இதைவிட மட்டமான வண்டி ஒண்ணை ஓட்டிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"இதைவிட ஒசத்தியா ஒண்ணை?"

"அது நம்ம கைக்கு எட்டாதுக்கா."

"எட்டாட்டி என்ன, ஓட்டிப் பாக்கறதுக்குமா காசு கேப்பான்? ரெண்டையும் பாக்காம இதுதான் நல்ல வண்டின்னு எப்பிடிச் சொன்ன?"

நாலாவது மாதம் அந்த வண்டி தளி ரோட்டு மேட்டில் படுத்துவிட்டது. மறுநாள் நான் பஸ்ஸில் ஏறியதுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நகர்ந்து இடம் விட்டு, "வா, உக்காரு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்த நல்ல குணமும் அவரிடம் உண்டு.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டு எழுதின?" என்பார். ஓசூர் தொழிற்பேட்டையில் அந்தக் கட்டடத்துக்குள் அவர் எல்லோருக்கும் அக்கா. அவரைவிட ஐந்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அக்கா. தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தமிழ், கோபம் வந்தால் மறுபடி கன்னடம். நான் சாமல்பட்டியிலிருந்து பிழைக்க வந்தவன். அந்தக் கட்டடத்தில் கம்ப்ரஸர், ஏசி எல்லாம் என் பொறுப்பு. வாய் மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அவர் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இணையம் ஓடுகிற கேபிள்களுக்குள் கண்ணாடி நூல் இருக்கிறது அல்லவா, தலைமுடி மொத்தத்தில். அந்த நூலின் நுனியை, கடுகைவிடச் சின்னதான ஒரு லேசரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நூலே முடி மாதிரி; அதற்குள் வெளிச்சம் போகிற வழியோ நூலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வழிக்குள் வெளிச்சம் நேராக விழ வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை. மூன்று திருகுகள் இருக்கும். மேலும் கீழும், பக்கவாட்டில், முன்னும் பின்னும் என்று திருகிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் ஏற ஏற வெளிச்சம் உள்ளே போகிறது என்று அர்த்தம். எண் எங்கே அதிகமோ அது உச்சி. அங்கே ஒரு துளி பசை வைத்து, நீல வெளிச்சம் காட்டிக் காயவைத்தால் நூல் அப்படியே நின்றுவிடும்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. பெரிய உச்சிக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் மேலே போய் நின்றாலும் எண் ஏறி நின்ற மாதிரிதான் தெரியும். அவசரக்காரர்கள் அங்கேயே பசை வைத்துவிடுவார்கள். அக்கா வைக்கமாட்டார். இந்தப் பக்கம் இறங்கி, அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிலும் பள்ளம்தான் என்று தெரிந்த பிறகே மறுபடி ஏறி வருவார். பஸ்ஸில் கேட்ட கேள்வி அந்த மேசையில் பிறந்ததுதான்.

எனக்கும் அவருக்கும் பழக்கமானது ஒரு சண்டையில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். தூசி புகாத சுத்த அறைக்குள் இருந்து அக்கா கண்ணாடியைத் தட்டினார். நீல அங்கி, முகமூடி, கண் மட்டும் வெளியே. எனக்கும் ஒரு அங்கியை மாட்டி உள்ளே அழைத்துப் போனார்கள்.

"உன் மெசினு என் கையைத் தள்ளுதுப்பா" என்றார்.

"கம்ப்ரஸரா? அது ரெண்டு செவுரு தள்ளி இருக்குதுக்கா. அது எப்பிடித் தள்ளும்?"

"அதைத்தான் உன்னைக் கேக்கறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மீட்டர் முன்னால் என்னை உட்காரவைத்து, கடைசி எண்ணை மட்டும் பார்க்கச் சொன்னார். அது ஈ மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. வெளியே இருந்தவரிடம் சைகை காட்டி என் கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். எண் நின்றுவிட்டது. ஓடச் சொன்னார். துடித்தது. நிறுத்தச் சொன்னார். நின்றது. மூன்று தடவை. பிறகு, "நான் சொன்னேன்னு நம்பாத. நீயே பாத்துட்ட இல்ல, போ" என்று அனுப்பிவிட்டார். அந்த வாரமே கம்ப்ரஸருக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தேன். அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

மதியம் ஒன்றரை மணி வாக்கில் கொஞ்ச தூரத்தில் உள்ள கல் குவாரியில் வெடி வைப்பார்கள். ஒன்றே கால் ஆனதும் அக்கா திருகிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் யாரும் சும்மா இருந்தால் அவருக்கு உடம்பு அரிக்கும்.

"என்னம்மா, சும்மா உக்காந்திருக்கிய?"

"வெடி போவட்டும் சார்."

"வெடி எங்கனயோ வெடிக்கி. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவரையும் அக்கா மீட்டர் முன்னால் உட்காரவைத்தார். வெடி போட்டது எங்கள் காதில் விழவேயில்லை. மீட்டரில் எண் மட்டும் திடுக்கிட்டு விழுந்து எழுந்தது. சூப்பர்வைசர் எழுந்து மூக்கைத் தடவிக்கொண்டு, "சரிதான்" என்றார். அடுத்த நாளிலிருந்து அவரே வந்து, "வெடி போயிட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கால் மணி நேரத்தை அவர் நோட்டில் சாப்பாட்டு நேரம் என்று எழுதிவந்தார். அது அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

"நாங்க சாப்பிடலையே சார்."

"எதையாவது எழுதணும்லா?"

"வெடின்னு எழுதுங்க."

"மேலே படிக்கவன் சிரிப்பாம்மா."

"சிரிக்கட்டும் சார். சிரிச்சுட்டு, என்னா வெடின்னு கேப்பான் இல்ல? கேட்டாத்தான அவனுக்குத் தெரியும்."

நோட்டில் வெடி என்று எழுதப்பட்டது. யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

இப்போது பசைக்கு வருகிறேன். பசை காயும்போது சுருங்கும். சுருங்கும்போது நூலைத் தன் பக்கம் இழுக்கும். உச்சியில் நிறுத்திக் காயவைத்தால், காய்ந்த பிறகு நூல் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி நிற்கும். சுவரில் தொங்கிய செய்முறைத் தாளில், உச்சியில் நிறுத்தவும், பசையைக் காயவைக்கவும் என்றுதான் இருந்தது. அக்கா உச்சியைக் கண்டுபிடிப்பார். பிறகு பசை இழுக்கப்போகிற திசைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் இறங்கி நிற்பார். மீட்டரில் எண் குறைந்திருக்கும். அப்படியே நீல வெளிச்சத்தைக் காட்டுவார். பசை காயக் காய எண் தானாக ஏறி உச்சியில் போய் உட்காரும். ஒரு தடவை எனக்குக் காட்டினார். வெல்லப்பாகு பதத்துக்கு வருவதைப் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

"எவ்வளவு எறங்கணும்க்கா?"

"துளி எவ்வளவுன்னு பாக்கணும். பெரிய துளின்னா ஜாஸ்தி இழுக்கும். அது இழுக்கும்னு தெரியுது இல்ல, அதுக்கு எடம் விட்டுத்தான் புடிக்கணும்."

இந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எடம் விட்டுப் புடிக்கணும். டீக்கடையில் சொன்னேன், ரூமில் சொன்னேன், ஊருக்குப் போன் போட்டு என் தங்கையிடம் சொன்னேன். சொல்லக் கூடாத ஓர் ஆளிடமும் சொன்னேன்.

எங்களிடம் பொருள் வாங்குகிற கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்திருந்தார். பெங்களூரிலிருந்து வந்தாலும் தமிழ்க்காரர். சிரித்த முகம். கம்ப்ரஸர் அடியில் ரப்பர் ஏன் என்று கேட்டார். அதைச் சொன்னேன். "அட" என்றார். ஒருவர் 'அட' என்றால் எனக்கு நிறுத்தத் தெரியாது. குவாரி வெடியைச் சொன்னேன். "பிரமாதம்" என்றார். பிரமாதம் என்றதும் பசையையும் சொல்லிவிட்டேன். "எங்கக்கா உச்சியில நிறுத்தவே மாட்டாங்க சார். தெரிஞ்சே கொஞ்சம் கீழதான் புடிப்பாங்க."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. பேனா மட்டும் நகர்ந்தது.

மூன்றாம் நாள் அக்காவுக்கு மெமோ வந்தது. செய்முறைத் தாளை மீறியது குற்றம். தமிழில் அச்சடித்த படிவம். நடந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள். அறியாமல் என்று ஒன்று, கவனக்குறைவால் என்று ஒன்று. கம்பெனி சார்பில், அக்கா செய்ததைப் பார்த்த சாட்சியாகக் கையெழுத்துப் போட என்னையும் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் சுவரோரம் நின்றார். அவர் பார்த்ததாகச் சொன்னால் அவருக்கும் ஒரு மெமோ.

ஹெச்.ஆர். கோயமுத்தூர்க்காரர், குரல் உயர்த்தாத மனிதர். "ஏனுங்கம்மா, ஏதாச்சும் ஒரு கட்டத்துல டிக் அடிங்க. ரெண்டு மணி நேரம் வகுப்புல உக்காருவீங்க. ஆப்பரேட்டருக்குச் சொல்லிக் குடுத்தாச்சுன்னு நாங்க பதில் எழுதீருவோம். திங்கக்கெழமை நீங்க உங்க டேபிளுக்கு வந்தர்லாம்."

"அறியாமயா செஞ்சேன்?" என்றார் அக்கா.

"சரிங்க, கவனக்குறைவுன்னு வெச்சுக்கலாம்."

"கவனமா இருந்ததாலதான சார் அது கெட்டுப்போவல?"

"அம்மா, தெரிஞ்சு செஞ்சேன்னு எழுதினா அது வேற கணக்குல போயிருங்க. விசாரணை வெக்கணும். வேலையே போயிருங்க."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். பத்து பீஸ் தாள் சொல்ற மாதிரி பண்ணட்டும். பத்து நான் பண்றேன். பக்கத்துல வெச்சுப் பாருங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் போகணும்."

ஒருநாள் அவகாசம் கொடுத்தார்கள். அன்று மாலை பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும், பெரிய மகள் கிருஷ்ணகிரியில் நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டுக்காரருக்குப் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிற வேலை. சீசன் இல்லாத மாதங்களில் அதுவும் பாதிதான். அந்த வீடு நின்றது இவர் திருகுகிற மூன்று திருகுகளில்.

"அக்கா, என் வாயால வந்தது. ஒரு டிக்குதானக்கா. அடிச்சுக் குடுத்துடுங்க."

"சும்னிருப்பா" என்று பாதிக் கன்னடத்தில் என் வாயை அடைத்தார்.

பஸ் மத்திகிரியைத் தாண்டியது. பிறகு அவராகவே கேட்டார்.

"அந்த ஆளுகிட்ட நீ என்னா சொன்ன? எங்கக்கா தெரியாம செய்யுதுன்னு சொன்னியா?"

"இல்லக்கா. தெரிஞ்சுதான் செய்றாங்கன்னு சொன்னேன்."

"நீ சொன்னதை மாத்திக்கச் சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப உன் பேச்சு நிக்கணும், என் கை மட்டும் பொய்யாவணும். அப்படித்தான?"

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் அந்தப் படிவத்தை ஹெச்.ஆர். மேசைமேல் வைத்தார். இரண்டு கட்டங்களின் மேலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தார். கீழே, குண்டு குண்டான எழுத்தில்: 'தெரிந்தே செய்தேன். பசை காயும்போது இழுக்கும். அந்த அளவுக்கு இடம் விட்டுப் பிடித்தேன். துளியின் அளவைப் பார்த்து இடம் விட வேண்டும். பதினோரு வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.' கையெழுத்து, தேதி. அதற்குக் கீழே சாட்சி இடத்தில் நான். என் கையெழுத்து கோடு விட்டுச் சாய்ந்தது. "நேரா போடு" என்றார் அக்கா.

ஹெச்.ஆர். அதை இரண்டு முறை படித்தார். "நீங்களே உங்க தலையில போட்டுக்கிட்டீங்களேம்மா" என்றார். விசாரணை முடியும்வரை மேசைப் பக்கம் போகக் கூடாது, பேக்கிங்கில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா அங்கேயும் போய்ப் பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கிங்காரர்கள் அவர்மேல் கடுப்பானது தனிக் கதை.

மேசையில் மற்றவர்கள் தாள் சொன்னபடியே செய்தார்கள். உச்சியில் நிறுத்தினார்கள், காயவைத்தார்கள். தேறாத பீஸைப் போடுகிற சிவப்புத் தட்டு முன்பெல்லாம் நாளைக்கு ஒன்று நிறையும். இப்போது மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே ஒன்று நிறைந்தது. அக்காவிடம் பார்த்துப் பழகியவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களும் மெமோவுக்குப் பயந்து உச்சியிலேயே நின்றார்கள்.

இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் டீ நேரத்தில் பேக்கிங் பக்கம் வந்தார். நான் அங்கே ஏசி வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்தினார்.

"எம்மா, நாளைக்கு டேபிளுக்கு வந்துருங்க. மேனேஜர்ட்ட பேசிட்டேன். ஒங்க பாட்டுக்கு ஒங்க மாதிரியே செய்யுங்க. யாரும் பாக்க மாட்டோம்."

நான் ஏணியிலிருந்தே சிரித்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது என்று. அக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"யாரும் பாக்காம இருக்கணும்னா நான் வரல சார். நான் என்ன திருட்டு வேலையா செய்யறேன்? நீங்க பாக்கணும். மேனேஜரும் நிக்கணும். பத்து அவங்க, பத்து நான். அப்புறம் செவுத்துல இருக்கிற தாளை மாத்தணும்."

"வேலை போற மாதிரி இருக்கு, இப்பவும் நிபந்தனை போடுதியளே."

"போற வேலைதான சார். அதுக்கு இனிமே எதுக்குப் பயப்படணும்?"

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் பத்துக்குப் பத்து நடந்தது. மேனேஜர், இன்ஜினியர், சூப்பர்வைசர் மூவரும் அங்கி மாட்டிக்கொண்டு நின்றார்கள். குவாரி வெடி முடிந்த பிறகுதான் ஆரம்பம் என்று அக்கா சொல்லிவிட்டார். மூவரும் கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் வெடிக்காகக் காத்திருந்தார்கள். நானும் ஏசி பார்க்கிற சாக்கில் ஓர் அங்கி மாட்டி, உள்ளே மூலையில் நின்று பார்த்தேன். தாள்படி செய்த பத்தில் நாலு தேறின. அக்கா செய்ததில் ஒன்பது. பத்தாவது காயும்போது எண் ஏறி, உச்சியில் நிற்காமல் மறுபக்கம் சரிந்தது. இன்ஜினியர் பேனா எடுப்பதற்குள் அக்காவே அதை எடுத்துச் சிவப்புத் தட்டில் வைத்தார். "துளி பெருசு. நான் சரியா பாக்கல" என்றார்.

தாள் மாறியது. முதலில் இன்ஜினியர் எல்லாத் துளிக்கும் ஒரே எண்ணைப் போட்டுக் கொண்டுவந்தார். அக்கா திருப்பி அனுப்பினார். துளியின் அளவைப் பார்த்து என்று சேர்த்த பிறகே தலையாட்டினார். விசாரணை கைவிடப்பட்டது. திங்கட்கிழமை அவர் மேசையில் அவர்.

ஒரு மாதம் கழித்து ஹெச்.ஆர். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அந்தச் சிரித்த முகக்காரர் மறுபடி தணிக்கைக்கு வருகிறாராம். மெமோவை ஃபைலிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"இதைக் கிழிச்சுப் போட்டர்லாங்கம்மா. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, எடுத்தர்றேன். சாட்சியும் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

நான் பேனாவை எடுத்துவிட்டேன். அக்கா எடுக்கவில்லை.

"சார், புதுத் தாள்ல தயாரிச்சவருன்னு யாரு பேரு இருக்குது?"

"இன்ஜினியர் பேருங்க."

"என் பேரு?"

"ஆப்பரேட்டர் பேரெல்லாம் அதுல வராதுங்கம்மா."

"இதுல?" மெமோவில் விரலை வைத்தார்.

"இதுல இருக்குதுங்க."

"தேதி எது முன்னாடி?"

ஹெச்.ஆர். மெமோவின் தேதியைப் பார்த்தார். "இதுதானுங்க முன்னாடி" என்றார்.

"அப்ப இது இருக்கட்டும்."

"அம்மா, இது உங்க மேல போட்ட மெமோங்க. நாளைக்கு எவனாச்சும் ஃபைலை எடுத்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"எடுக்கட்டும். எடுத்தா முழுசாப் படிக்கட்டும். எனக்கு ஒரு நகல் குடுங்க."

வெளியே வரும்போது நான், "அக்கா, அன்னிக்கு என் வாய்..." என்று ஆரம்பித்தேன். "உன் கையெழுத்தும் அதுல இருக்குது இல்ல?" என்றார். "கோணலாத்தான் இருக்குது. இருக்கட்டும்."

இரண்டு வருடம் கழித்து அந்த லைனையே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் ஓசூரிலேயே வேறு கம்ப்ரஸருக்குப் போனேன். அக்கா கர்நாடக எல்லை தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனார். நூலும் லேசரும் சேர்க்கிற வேலைதான். அனுபவத்துக்கு ஏதாவது சான்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பழைய கம்பெனி கொடுத்த கடிதத்தில் ஆப்பரேட்டர், பதின்மூன்று வருடம், நடத்தை நன்று என்று மூன்று வரிதான் இருந்தது. எல்லோருக்கும் அதே மூன்று வரி.

"அதுல நான் என்ன செஞ்சேன்னு எங்க இருக்குது?" என்று போனில் என்னிடம் சொன்னார். "அதான் மெமோவை எடுத்துக்கிட்டுப் போனேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "நேர்காணலுக்கா? மெமோவையா? அக்கா, அவங்க என்ன சொன்னாங்க?"

"கேள்வி கேட்ட அம்மா வாங்கிப் பாத்துச்சு. மூஞ்சி மாறிப்போச்சு. 'என்னங்க, செய்முறையை மீறினதுன்னு போட்டிருக்குது, இதைப் போய்க் கொண்டாந்திருக்கீங்க'ன்னு கேட்டுச்சு."

பின்னால் பஸ் சத்தம், கன்னடத்தில் யாரோ டிக்கெட் கேட்கும் சத்தம். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். அங்கே சேர்ந்து அது நான்காவது நாள்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"கீழ படிங்கன்னு சொன்னேன்."